அங்கீகரிக்கப்பட்ட அடைப்பான்

எங்கள் ஊர் ஹார்லன் ஃப்ளாட்ஸில் பதினோரு வருடங்களாக ஒரு காற்றுக் குழாய்கூட அடைபட்டதில்லை. மாகாண வீட்டுக் காற்று வாரியத்தின் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. அதற்காக ஊருக்கு ஒரு கேடயமும் கொடுத்து, பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கி விளையாடுகிற கர்லிங் கிளப் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள்.

உண்மையில், அக்டோபர் கடைசியில் முதல் பனி விழுந்ததும் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் நிலவறைக்கு இறங்கி அந்தக் குழாயை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம்.

குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை. நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்குகிற எரிவாயு ஃபர்னஸ் எரிவதற்குக் காற்று வேண்டும். அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் வெளிச்சுவரைத் துளைத்து ஒரு தகரக் குழாயை நிலவறைக்குள் இறக்கி, அதன் வாயை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் விட்டிருப்பார்கள். குளிர்காற்று கனமானது, வாளியிலேயே தேங்கி நிற்கும், ஃபர்னஸ் இழுக்கும்போது மட்டும் வழிந்து வரும் என்று கணக்கு. கணக்கெல்லாம் சரிதான். வெளியே மைனஸ் முப்பத்தைந்து இருக்கும்போது வாளியாவது ஒன்றாவது, துணி துவைக்க நிலவறைக்கு இறங்கினால் கணுக்கால் விறைத்துப்போகும். வீட்டைச் சூடாக்கிவிட்டுச் சுவரில் ஓட்டையும் வைப்பானா ஒருத்தன் என்பது ஊரின் கட்சி. என் கட்சியும் அதுதான். தபால் நிலையத்து ஐரிஸ் தலையணையால் அடைப்பாள். லூத்தரன் பாதிரியார், பாடகர் குழுவின் பழைய அங்கியால் அடைப்பார். நான் அடைப்பது, தொப்பை வருவதற்கு முந்தைய காலத்து என் கர்லிங் ஸ்வெட்டரால்.

வாரியத்தின் ஆய்வாளர் லென் வீப் எங்கள் கர்லிங் அணியில் இரண்டாவது கல் எறிகிறவன். ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டு நாள் முன்னதாகவே போன் செய்துவிடுவான்.

“மெல், வியாழக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். குழாய் குழாயா இருக்கட்டும்.”

புதன்கிழமை ஊரே நிலவறைக்கு இறங்கி அடைத்ததை உருவும். வியாழக்கிழமை லென் டார்ச் அடித்துப் பார்த்து, படிவத்தில் ‘திறந்துள்ளது’ என்று குறித்துக்கொண்டு, என் மனைவி டோரீன் சுட்ட கசகசா ரொட்டியில் இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போவான். வெள்ளிக்கிழமை அடைப்பு பழையபடி குழாய்க்குள் போய்விடும். பதினோரு வருடமும் இப்படித்தான் ஓடியது.

இந்தக் குளிர்காலத்தில்தான் டோரீனுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். காலையிலும் மாலையிலும் பேருந்து, நடுப்பகல் முழுக்க வீடு. முப்பது பிள்ளைகள் காது கிழியக் கத்துகிற பேருந்தில் தலைவலி விட்டுவிடுகிறது. ஆளரவம் இல்லாத வீட்டுக்குள் வந்தால் பிடித்துக்கொள்கிறது. துணி துவைக்கிற நாளில் வாந்தியும் வருகிறது. வயதாகிறதல்லவா என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்கே அறைய வேண்டும்போல இருக்கிறது. நான் பகல் முழுக்க தானியக் கிடங்கில் கோதுமைத் தூசியைத் தின்றுகொண்டிருக்கிறவன், வீட்டுக் காற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

டிசம்பரில் ஃபர்னஸ் இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டது. ஜோனி பெல்கார்டைக் கூப்பிட்டோம். இந்த வட்டாரத்தில் ஃபர்னஸ் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். வந்தாள், என் ஸ்வெட்டரைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். தீக்குச்சி ஒன்றைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையை ஃபர்னஸின் புகைபோக்கி வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். புகை உள்ளே போகவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து வந்தது.

“பாத்தியா மெல்வின்? மேல போகவேண்டியது கீழ வருது.”

“புகைபோக்கியில குருவி கூடு கட்டியிருக்குமோ?”

“குருவி இல்ல, நீதான். போன கோடையில வாரியத்துக்காரங்க வந்து ஜன்னல் கதவெல்லாம் மாத்தி, சந்துபொந்தையெல்லாம் அடைக்கிற நுரை அடிச்சிட்டுப் போனாங்கல்ல? முன்னாடி நீ ஸ்வெட்டரைத் திணிச்சாலும் வீடு வேற சந்துல மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. இப்ப வீடு புட்டி மாதிரி ஆயிடுச்சு. டோரீன் துணி உலர்த்துற மிஷினைப் போட்டா அது காத்தை வெளிய தள்ளுது. உள்ள வர வழி இல்ல. அப்ப எந்த வழியா வரும்? புகைபோக்கி வழியா வரும். விஷத்தையும் கூட்டிக்கிட்டு வரும்.”

“விஷம்னா?”

“கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் எந்திரிக்க மாட்டே.” மூக்கை ஒழுங்காகச் சிந்திவிட்டுச் சொன்னாள்: “எடுத்து எறி அந்தக் கந்தலை.”

ஸ்வெட்டரை உருவினேன். ஜோனி மறுபடி குச்சியைப் பிடித்தாள், புகை சமர்த்தாகப் புகைபோக்கிக்குள் போனது. இரண்டே நாளில் டோரீனுக்குத் தலைவலி போயிற்று. நிலவறை குளிர்ந்தது, கம்பளிக் காலுறை இரண்டு போட்டுக்கொண்டோம். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் வாரியத்துக்கு போன் செய்தேன்.

எனக்கு வந்த எண்ணம் நல்ல எண்ணம்தான். ஊரில் எல்லார் வீட்டுக்கும் வாரியம்தான் நுரை அடித்திருக்கிறது, எல்லாரும்தான் குழாயை அடைத்திருக்கிறார்கள். வாரியம் ஒரு வார்த்தை எச்சரித்தால் போதும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தப் பக்கம் எடுத்தது டைலா என்ற பெண். குரலில் தேன் ஒழுகியது.

“அடைச்சீங்களா? எப்ப சார்?”

“அக்டோபர்லம்மா.”

“நவம்பர் பதினாலாம் தேதி ஆய்வுல திறந்திருக்குன்னு போட்டிருக்கே?”

“அன்னைக்கு மட்டும் எடுத்திருந்தோம்.”

“அப்ப திறந்திருந்துச்சு.”

“அன்னைக்கு. மறுநாள் அடைச்சிட்டோம்.”

“மறுநாள் ஆய்வு இல்லையே சார். ஆய்வு இல்லாத நாள்ல அடைச்சது எப்படித் தெரியும்?”

“நான்தானேம்மா அடைச்சேன்!”

“நீங்க ஆய்வாளர் இல்லையே சார்.”

சரி, போகட்டும் என்று மூச்சை இழுத்துக்கொண்டு, என் மனைவிக்குத் தலைவலி வந்தது, ஊரில் வேறு யாருக்கும் வரக்கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன் என்றேன்.

“தலைவலி இந்த முகவரியில மட்டும்தான் வருதா, வெளியிலயும் வருதா?”

“இங்க மட்டும்தான்.”

“அப்ப அது நடமாடாத தலைவலி. கட்டடத்தோட சேர்த்துக் கணக்கு வெச்சுக்கறோம். உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன். இப்ப குழாய் எப்படி இருக்கு?”

“திறந்துட்டேன்.”

முதல் முறையாக அந்தக் குரலில் தேன் வற்றியது. “ஆய்வுக்கு முன்னாடியே திறந்துட்டீங்களா?”

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ‘மூல நிலை மீட்பு ஆணை’ என்று தலைப்பு. அதன் சாரம் இது: குடியிருப்பவர் டாசிக் (அது நான்தான், மெல்வின் டாசிக்) ஒரு விதிமீறலைச் செய்துள்ளார். அதை ஆய்வாளர் பார்ப்பதற்குமுன் சரிசெய்து, சாட்சியத்தைக் கலைத்துள்ளார். எனவே புகாரில் கூறப்பட்ட அதே ஸ்வெட்டரை, அதே குழாயில், அதே ஆழத்துக்குத் திணித்து, ஃபர்னஸ் வழக்கம்போல் இயங்கும் நிலையில், வாரியத்தின் ஆய்வு முடியும்வரை பராமரிக்க வேண்டும். ஆய்வு இருபத்தொரு வேலை நாட்களுக்குள் நடைபெறும்.

டோரீன் அதை இரண்டு முறை படித்தாள். “மெல், இதை எழுதுனவனுக்கு அம்மா அப்பா உண்டா?” என்று கேட்டாள். பிறகு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

மறுநாள் லென் வந்தான். குளிருக்கு இழுத்துக் கட்டியிருந்த தொப்பியைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

“ஏன்டா மெல், உனக்கு எதுக்கு இந்த வேலை? பதினோரு வருஷமா நான் உன்னை ஏதாவது கேட்டிருக்கேனா?”

“டோரீனுக்கு உடம்புக்கு முடியலடா.”

“அதுக்கு டாக்டர்கிட்ட போன் பண்ணு, எங்க ஆபீஸுக்கு எதுக்குப் பண்றே? என் மானம் போகுது. என் படிவத்துல பூரா ‘திறந்துள்ளது’ன்னு இருக்கு, நீ அடைச்சிருந்தேங்கறே. அப்ப நான் பொய்யனா?”

“உனக்குத் தெரியாதா லென்?”

“தெரியறது வேற, பதிவாகறது வேற.”

குப்பைத் தொட்டியில் கிடந்த ஸ்வெட்டரை அவனே தேடி எடுத்தான். அதில் முட்டை ஓடு ஒட்டியிருந்தது, தட்டிவிட்டான். நிலவறைக்கு இறங்கி, கடிதத்தில் இருந்த ஆழத்துக்கு அளவுகோல் வைத்து அளந்து திணித்தான். குழாய் வாயில் சிவப்புக் காகித முத்திரை ஒன்றை ஒட்டினான். முத்திரை கிழிந்தால் ஃபர்னஸைப் பூட்டிவிடுவோம் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. ஜனவரியில் ஃபர்னஸைப் பூட்டினால் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர்க் குழாய் வெடிக்கும், நாலு மணி நேரத்தில் நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். முத்திரை இருந்தால் விஷம், கிழிந்தால் உறைபனி. ஒரு வீட்டுக்கு இரண்டு சாவு, எது வேண்டும் என்று எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, “ரொட்டி இருக்கா டோரீன்?” என்று கேட்டான் லென்.

“இல்ல,” என்றாள். அடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்த ரொட்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அன்று முதல் சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வாழ்ந்தோம். காற்று எந்த வழியாக வந்தால் என்ன, வந்தால் சரி என்று ஜோனி சொல்லியிருந்தாள். கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் விளிம்போரம் உறைந்தது. ஐந்தாம் நாள் தெருவில் ஒரு வெள்ளை வண்டி மெதுவாகப் போயிற்று. அது வாரியத்தின் வெப்பச் சேமிப்புப் பிரிவு வண்டி. எந்த வீட்டிலிருந்து சூடு வெளியே போகிறது என்று கேமராவில் பார்க்கிறவர்கள். எங்கள் வீடு அந்தத் திரையில் தீபாவளிபோல ஜொலித்திருக்கும். வாசலில் ஒரு சீட்டுச் செருகிவிட்டுப் போனார்கள்: ‘வாரியம் அடைத்துக்கொடுத்த வீட்டைத் திறந்துவைத்து வெப்பத்தை வீணடிக்கிறீர்கள். ஜன்னலை உடனே மூடவும். இரண்டாம் எச்சரிக்கை கிடையாது.’

டைலாவுக்கு போன் போட்டேன். “ஜன்னலை மூடுன்னு ஒருத்தர், குழாயை அடைன்னு ஒருத்தர். ரெண்டையும் செஞ்சா நாங்க செத்துப்போவோம்மா.”

“ரெண்டும் வேற வேற பிரிவு சார். அவங்க ஆணை எங்களைக் கட்டுப்படுத்தாது.”

“எங்களைக் கட்டுப்படுத்துதே!”

“அதனாலதான் சார் ரெண்டு பிரிவு. ஒண்ணு விட்டா இன்னொண்ணு பிடிச்சிரும்.”

நான் கோழை. மூடினேன். கொஞ்ச நாள்தானே, ஆய்வு வந்துவிடும், துணி துவைக்காமல் இருந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல். பேருந்து ஓட்டும்போது போடுகிற சீருடை நாறுகிறது என்று டோரீன் துவைத்து உலர்த்தப் போட்டிருக்கிறாள். அடுப்பில் முட்டைக்கோஸ் வேகிற நாற்றத்துக்கு விசிறியையும் போட்டிருக்கிறாள். நான் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். அள்ளி முடித்து உள்ளே வந்தால், அடுப்பில் தண்ணீர் சுண்டி முட்டைக்கோஸ் கருகிக்கொண்டிருக்கிறது, அவள் தரையில் கிடக்கிறாள். முகம் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமாக இருப்பதுபோல இருந்தது. அந்தச் சிவப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. கக்கத்தில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு போய் வாசல் பனியில் போட்டேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கண் திறந்தாள். “முட்டைக்கோஸ்,” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கால் மணி நேரம் பனி அள்ளியிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து நேரே நிலவறைக்கு இறங்கி, முத்திரையைக் கிழித்து, ஸ்வெட்டரை உருவி, வாளியை எட்டி உதைத்தேன். வாளி செய்த பாவம் ஒன்றும் இல்லை. அந்த விஷவாயு வந்தால் அலறுகிற எச்சரிக்கை மணி ஒன்றை ஜோனி கொண்டுவந்து நிலவறைச் சுவரில் மாட்டினாள்.

திங்கட்கிழமை நான் முத்திரையைக் கிழித்ததை வாரியத்துக்கு போன் செய்து சொன்னேன்.

“சொல்லிட்டியா?” என்று டோரீன் கத்தினாள். “உன்னைக் கட்டிக்கிட்ட நாள்லயிருந்து பாக்குறேன், உள்ளதைச் சொல்லிட்டு உதை வாங்கறதே உனக்கு வேலையாப் போச்சு!”

ஆனால் ஃபர்னஸைப் பூட்ட யாரும் வரவில்லை. பூட்டும் படிவத்தில் முத்திரை எண்ணை எழுதவேண்டுமாம், முத்திரையை நான் சுக்குநூறாகக் கிழித்துவிட்டதால் எண் தெரியவில்லையாம். வாரியத்திடமிருந்து எங்களுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு அதுதான். அதற்குப் பதில் விசாரணைக்கு வரச்சொன்னார்கள்.

விசாரணை கர்லிங் கிளப் மண்டபத்தில் நடந்தது. ஊரே வந்திருந்தது. வாரியத்தின் இயக்குநர் எவரெட் ஸ்ட்ரவுட் தலைநகரிலிருந்து வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல கோட்டு. டாக்டர் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். வாங்கி, ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

“இது ரத்தத்தைப் பத்தினது. வாரியம் காத்தைப் பத்தினது. காத்து உடம்புக்குள்ள போயிட்டா எங்க அதிகாரம் முடிஞ்சுது.”

பிறகு எழுந்து நின்று பேசினார்.

“பெரியோர்களே, பதினோரு வருஷமா இந்த ஊர்ல ஒரு குழாய்கூட அடைபடலை. ஏன் அடைபடலை? நாங்க கண்காணிக்கிறோம். நாங்க கண்காணிக்கிறோம்னு எப்படித் தெரியும்? ஒரு குழாய்கூட அடைபடலையே! இப்படி ஒழுங்கா இருந்த ஊர்ல ஒரு தனிமனிதர் தானே அடைக்கிறார், தானே திறக்கிறார், தானே போன் பண்றார். எல்லாத்தையும் அவரே பண்ணிட்டா வாரியம் எதுக்கு? நாளைக்கு ஆளாளுக்குத் தனக்கு எவ்வளவு காத்து வேணும்னு தானே முடிவு பண்ண ஆரம்பிச்சா என்ன ஆகும்? அந்த அம்மா மயங்கி விழுந்ததுல எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒண்ணு கவனிக்கணும். முத்திரை கிழியாம இருந்தவரைக்கும்தான் அவங்க வாரியத்தோட பாதுகாப்புல இருந்தாங்க.”

கை தட்டினார்கள். நான் வளர்ந்த ஊர், என்னோடு கல் எறிகிற ஆட்கள், கை தட்டினார்கள். நான் பதில் சொல்ல எழுந்தேன். டோரீன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு எழுந்தாள். இயக்குநரைப் பார்க்கவில்லை. ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

“உங்க பிள்ளைங்களைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறவ நான். தலை கிறுகிறுக்க அந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கேன், தெரியுமா உங்களுக்கு? இப்ப உங்க வீட்டு நிலவறையில குழாய் அடைச்சிருக்கா இல்லையா? அடைச்சிருக்கறவங்க கையைத் தூக்குங்க.”

எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்துப் பாதிரியார் கை தூக்கினார். பிறகு ஐரிஸ். அதன் பிறகு மளமளவென்று மண்டபம் முழுக்கக் கைகள். கடைசி வரிசையில் லென் மட்டும் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்ட்ரவுட் முகம் ஒரு நிமிடம் சுருங்கியது. சரி, மனிதன் இப்போது உணர்ந்தான் என்று நினைத்தேன். அவர் கைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ண எண்ண முகம் மலர்ந்தது.

“இவ்வளவு பேரா? அப்ப இது விதிமீறல் இல்ல. இது நடைமுறை! நடைமுறைன்னா அதுக்கு ஒரு தரம் வேணும். தலையணை, அங்கி, ஸ்வெட்டர்னு கண்டதையும் திணிச்சா ஆபத்து வராம என்ன பண்ணும்? பாதுகாப்பில்லாத அடைப்புதான் இங்க பிரச்சினை. இனிமே வாரியமே அடைப்பான் கொடுக்கும். ஒரே அளவு, ஒரே ரப்பர், எண் போட்டது.”

டோரீன் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். “அதுல காத்து போக ஓட்டை இருக்குமா?”

“ஓட்டை இருந்தா அது எப்படிம்மா அடைப்பான் ஆகும்?” என்றார் ஸ்ட்ரவுட், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அன்று இரவே ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய் அடைத்ததை உருவினார்கள் என்று ஜோனி சொன்னாள். மீதிப் பாதி, வாரியம்தான் நல்ல அடைப்பான் கொடுக்கப்போகிறதே, அதுவரை தலையணை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இந்த ஊரை என்ன செய்வது?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை லென் வந்தான். கையில் கருப்பாக, வாரியத்தின் சின்னம் பொறித்த ரப்பர் கட்டை. எண் ஒன்று. முதல் அடைப்பான் எங்கள் வீட்டுக்கு.

டோரீன் அவனை நிலவறைக்குக் கூட்டிப்போனாள். ஃபர்னஸுக்குப் பக்கத்தில் சமையலறை நாற்காலி ஒன்றை ஏற்கனவே கொண்டுவந்து போட்டிருந்தாள். சுவரில் இருந்த எச்சரிக்கை மணியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“மாட்டு லென். மாட்டிட்டு இதுல உக்காரு. நான் மேல போய் உலர்த்துற மிஷினையும் விசிறியையும் போடறேன். அன்னைக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. நீ ஒரு மணி நேரம் உக்காந்துட்டு உன் கால்ல நடந்து படியேறி வா. நான் கையெழுத்துப் போடறேன்.”

“விளையாடாதே டோரீன். நான் என்ன பண்ணட்டும், இது என் வேலை.”

“நானும் அதைத்தான் சொல்றேன். வேலையைப் பாரு.”

அவள் மேலே போய்விட்டாள். லென் என்னைப் பார்த்தான். அவனைத் தனியாக விட மனம் இல்லை, படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவன் ரப்பர் கட்டையைக் குழாயில் திருகி இறுக்கினான். அதைப்போல ஒரு இறுக்கம் என் ஸ்வெட்டருக்கு எந்த நாளும் வாய்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் கையை வைத்துக்கொண்டான். மேலே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஃபர்னஸ் பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரம் இருவரும் அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“முதல்ல எப்படி இருந்துச்சாம் அவளுக்கு?”

“ஒண்ணும் தெரியலையாம். தூக்கமா வந்துச்சாம். அவ்வளவுதான்.”

“வலி?”

“தலை வலிச்சுதாம். சனி ஞாயித்துல வீட்டுக்குள்ளயே கிடந்தா ஜாஸ்தியாம். வெளிய போனா சரியாயிடுமாம்.”

லென் தலையாட்டினான். பிறகு ஆட்டுவதை நிறுத்தினான்.

“எங்க சின்னது, கரீன். ரெண்டு மூணு வாரமா சனிக்கிழமையானா எந்திரிக்கவே மாட்டேங்கறா. வளர்ற வயசு, தூங்கட்டும்னு டெபி சொன்னா.” கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “இன்னைக்குக் காலையில நான் கிளம்பறப்ப தூங்கிட்டுத்தான் இருந்தா.”

மணி அப்போது பதினொன்றரை.

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அடைப்பானை ஒரே திருகில் பிடுங்கி எறிந்துவிட்டு, என்னை மிதிக்காத குறையாகப் படியேறி ஓடினான். நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் எங்கள் சமையலறை போனைக் காதில் வைத்திருந்தான்.

“டெபி! கரீன் எங்க? ரூமுக்குப் போ. இல்ல, முதல்ல கதவைத் திற, எல்லாக் கதவையும் திற. வெப்பம் போனா போகட்டும்டி! நிலவறையில அந்தக் குழாயில என் சிவப்புத் துண்டு இருக்கு பாரு, அதை அப்புறம் எடுக்கலாம், நீ அவளை எழுப்பு. தூக்கி வெளிய கொண்டு போ.”

டோரீன் மிஷினை நிறுத்தினாள். விசிறியையும் நிறுத்தினாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. லென் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். அந்தப் பக்கம் யாரும் இல்லை, போன் கீழே தொங்குகிறதுபோல. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. எனக்கு அவன்மேல் இருந்த கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்றும் தெரியாது. எந்திரிம்மா, எந்திரிம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போனில் ஏதோ சத்தம் கேட்டது. லென் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

“கத்தறா,” என்றான். “வாந்தி எடுத்தாளாம். இப்ப பனியில நிக்கிறா, செருப்பு இல்லாம எதுக்குடி தூக்கிட்டு வந்தேன்னு அம்மாவைத் திட்டறா.” அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். டோரீன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கிளம்பும்போது வாசல்வரை போனவன் திரும்பி வந்து, கோட்டுப் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்து மேசையில் வைத்தான். ‘அடைப்பான் பொருத்தப்பட்டது, நன்கு இயங்குகிறது.’

“கையெழுத்துப் போடு மெல். இன்னும் நூத்திப்பத்து வீடு இருக்கு. எல்லாத்துலயும் கட்டையை மாட்டாமலே இப்படித்தான் போடப்போறேன்.”

“பொருத்தலையே லென்,” என்றேன், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு.

“குடு அதை,” என்று என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, டோரீன் கையெழுத்துப் போட்டாள்.